முழு ஊருக்கும் சிவப்பு: பேரிடர் வரைபடம் போட ஆள் அழைக்கும் ஊராட்சிகளுக்கு

உங்கள் ஊருக்கு அபாய வரைபடமும் பேரிடர்த் திட்டமும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கடிதம் கொடுத்தது. கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையில் இருக்கிற ஊர். நான் இங்கே ஊராட்சி செயலர். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர், முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரை அழைத்தாலும் இது உங்களுக்கு உதவும். மதிப்பெண் கேட்டால், தரையில் உட்கார்ந்து செய்த வேலைக்குப் பத்துக்கு ஒன்பது. கையில் கொடுத்துவிட்டுப் போன பொருளுக்கு மூன்று.

செலவைப் பொறுத்தவரை கடிதத்தில் சொன்னபடிதான், காசு வாங்கவில்லை. சாமியானா, மைக் செட், சாப்பாடு மட்டும் நம் பொறுப்பு. சாப்பாடு முக்கியம், போடாவிட்டால் மதியத்துக்குமேல் கூட்டம் நிற்காது.

முதல் நாள் மாரியம்மன் கோயில் திடலில் ஊரைத் தரையில் வரையச் சொன்னார்கள். தெருவுக்குக் கோலப்பொடி, வாய்க்காலுக்கு நீலப்பொடி, ஓட்டு வீட்டுக்குச் செங்கல் துண்டு, குடிசைக்கு வேப்பிலை. ஆரம்பத்தில் இளைஞர்கள்தான் புகுந்து விளையாடினார்கள். மெயின் ரோடு, பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க் எல்லாம் சரியாக வந்தன. ஆற்றுக் கரையிலிருந்து நேராக ஊருக்குள் ஒரு பெரிய அம்பு போட்டு, வெள்ளம் இப்படித்தான் வரும் என்றார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். "தம்பி, அந்தப் பக்கமா தண்ணி வராது. கரை ஒசரம். மொதல்ல பின்னால மதகு வழியா வாய்க்கால்ல எதிர்த்துக்கிட்டு வரும். பள்ளத்தெரு நெறைஞ்ச பெறகுதான் நம்ம தெரு" என்றார். அப்புறம் பெண்கள் வரிசையாகப் பேச ஆரம்பித்தார்கள். எந்தத் தெருவில் முதலில், அடுத்து எங்கே, எந்த டிரான்ஸ்பார்மர் மூழ்குவதற்குள் கரண்டை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் வந்தது. ஒருங்கிணைப்பாளர் கெட்டிக்காரர். வாயை மூடிக்கொண்டு தெருக்களின்மேல் 1, 2, 3 என்று எண் எழுதிய அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டே போனார்.

இந்த வரிசைதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. மழை விட்டு வெயில் அடிக்கும்போது வெள்ளம் வருகிற ஊர் இது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களை மூழ்கடித்தது அந்த மழை மட்டும் இல்லை. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்குமேல் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தது. அணை இதே ஆற்றின் மேல்பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, முழு உயரம் 119 அடி. 2021 நவம்பரிலும் ஆறு இப்படித்தான் பெருகியது. ஆகவே மழை எச்சரிக்கை மட்டும் எங்களுக்குப் போதாது. அணை எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு திறக்கிறார்கள், அந்தச் செய்தி யார் மூலமாக வந்து ஆட்டோ மைக்கில் ஏறும் என்பது தெரிய வேண்டும். இதற்கென்று ஒரு மதியம் முழுக்க ஒதுக்கினார்கள். அதற்காகவே அரை மதிப்பெண் கூடப் போடலாம்.

இரண்டாவது நல்ல விஷயம் மட்டம் பார்த்தது. ஒரு பெரிய செயற்கைக்கோள் படம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். உயர விவரமும் அதில் இருந்தது. பார்க்க அழகு, எங்களுக்கு உதவாது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை சாதாரணம். எங்கள் மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் வித்தியாசமே இடுப்பளவுதான். இதைச் சொன்னதும் கோபப்படாமல், உள்ளூர்க் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றி எடுத்துவந்தார். ஒரு வீட்டுச் சுவரில் 2024 வெள்ளத்தின் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. அந்த மட்டத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மின்கம்பங்களில் கோடு போட்டோம். நிவாரண முகாம் என்று அரசுப் பட்டியலில் இருக்கிற கட்டடத்தின் தரை அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டத்தில் இருந்த வருவாய்த் துறைக்காரர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். கோயில் திடலில் கூட்டம் போட்டதால் காலனி ஆட்கள் ஓரமாகத்தான் நின்றார்கள். பள்ளத்தெருவுக்கு அடுத்தபடியாகத் தண்ணீர் ஏறுவது அவர்களுக்குத்தான். மறுநாள் குழு காலனிப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்து அதே வரைபடத்தை மறுபடி போட்டது. "முகாம் ஊர்த்தெருக் கல்யாண மண்டபத்தில் என்றால் ராத்திரியில் குழந்தைகளோடு போவீர்களா?" என்று நேராகவே கேட்டார்கள். பதில் வர நேரம் எடுத்தது. கடைசியில் காலனிப் பள்ளியின் மாடியும் முகாம் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால் நீங்கள் கேட்க வையுங்கள்.

முன்னெச்சரிக்கைக் குழு, மீட்புக் குழு, முதலுதவிக் குழு எல்லாம் அமைத்தார்கள். பெயர் எழுதிக்கொண்டு டீசர்ட் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இனி அந்த மூன்று மதிப்பெண் பொருள். சில வாரம் கழித்து ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. தெருவுக்கு வைத்த எண்களைக் காணோம். கம்ப்யூட்டரில் வரைந்தவர் எண்களை எடுத்துவிட்டு, 'வெள்ள அபாயப் பகுதி' என்று முழு ஊருக்கும் சிவப்பு அடித்திருந்தார். எல்லாமே சிவப்பு என்றால் இருக்கிற ஒரு டிராக்டரை முதலில் எந்தத் தெருவுக்கு அனுப்புவது? இதைவிட மோசம், தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் பெயரைக் கதவு எண்ணோடு பேனரில் அச்சடித்திருந்தார்கள். தனியாக இருக்கிற பாட்டியின் விலாசத்தை பஸ் ஸ்டாப்பில் மாட்டுவதா? கர்ப்பிணிப் பட்டியல் சில மாதத்தில் பழசாகிவிடும், கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டில் புதுசாகவே இருக்கும். அந்தப் பகுதியைக் கத்தரித்துவிட்டுத்தான் பேனரை உள்ளே மாட்டினோம். தொலைபேசி எண்களும் அப்படித்தான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070, ஆம்புலன்சுக்கு 108, இவை மாறாது. அதிகாரிகளின் செல்போன் எண்கள் இடமாறுதல் வந்தால் போச்சு.

நல்லவேளையாக, தரையில் இருந்ததைக் கலைப்பதற்கு முன் எங்கள் சுய உதவிக்குழுப் பெண் ஒருவர் சார்ட் பேப்பரில் எண்களோடு நகல் எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்து அலுவலகச் சுவரில் பெயிண்டால் எழுதச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசி எண்களுக்கு மட்டும் கரும்பலகைப் பெயிண்ட், மாறினால் அழித்துச் சாக்பீஸால் எழுதலாம்.

அழைக்கலாமா என்றால், தாராளமாக அழையுங்கள். ஆனால் ஒப்புக்கொள்ளும் கடிதத்திலேயே, அச்சுக்குப் போகும் முன் படம் கிராம சபையின் பார்வைக்கு வர வேண்டும், மூலக் கோப்பு ஊராட்சியிடம் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். எங்களிடம் வந்தது ஐப்பசியில், பாதிப் பேர் நடவுக்குப் போயிருந்தார்கள், வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. ஆடியில் வரச் சொன்னால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடலாம். எங்கள் மதகின் பலகை துருப்பிடித்து இறங்காமல் நிற்கிறது என்பதும் இந்தக் கூட்டத்தில்தான் வெளியே வந்தது. அப்படி ஏதாவது இருந்தால், அதைச் சரிசெய்யப் நீர்வளத் துறைக்கு எழுதிக்கொடுத்து அலைய உங்களுக்கு ஒன்றரை மாதமாவது கிடைக்கும்.