விம்மில் பழைய வரி மறையவில்லையா? கிளியர், நாட்_வேலிட், சேஞ்ச்டு_லைன்ஸ்: எது எதற்கு?

விம் என்ற உரைத் திருத்தியின் சி மொழி மூல நிரலில் புதுக் கட்டளை சேர்த்ததும் வரும் முதல் தொல்லை இது: பஃபரில் (நினைவகத்தில் உள்ள உரையில்) எழுத்து மாறியிருக்கும், திரையில் பழைய வரியே நிற்கும். உடனே கை போகும் இடம், ‘பிறகு திரையை மறுபடி வரை’ என்று குறித்து வைக்கும் ரீட்ரா_லேட்டர் என்ற செயல்கூறு.

எவ்வளவு வரைய வேண்டும் என்பதை அதற்கு ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். யூபிடி_கிளியர், அதாவது 50, கொடுத்தால் திரை முழுவதையும் அழித்து முதலிலிருந்து வரையும். கோளாறு மறைந்துவிடும், காரணமும் கூடவே மறைந்துவிடும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் வேலை செய்பவருக்குத் திரை கண் சிமிட்டும். யூபிடி_நாட்_வேலிட் (40) நிதானமானது. எல்லா வரியையும் மறுபடி கணக்கிட்டாலும், ஸ்க்ரீன்லைன்ஸ் என்ற நகலோடு ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டுமே டெர்மினலுக்கு அனுப்பும். நீங்கள் சோதனைக்கு வைத்து மறந்த பிரிண்ட்எஃப் கொட்டிய குப்பை அந்த நகலுக்குத் தெரியாது என்பதால் 40 அதைத் துடைக்காது. விம்முக்குத் தெரியாமல் டெர்மினலில் எழுதப்பட்டால்தான் 50-க்கு வேலை.

எழுத்தே மாறியிருந்தால் இரண்டும் வேண்டாம், சேஞ்ச்டு_லைன்ஸ்தான். எம்எல்_ரீப்ளேஸ் மூலம் வரியை மாற்றிவிட்டு 40 போட்டால் திரை சரியாகத் தெரியும். ஆனால் ‘மாறியது’ என்ற கொடி ஏறியிருக்காது. பயனர் வெளியேற :க்யூ அடித்தால் எச்சரிக்கையே இல்லாமல் மாற்றம் போய்விடும். திரைக் கோளாறைவிட இது மோசம்.

10 முதல் 12 வரையுள்ள வரிகளை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாற்றும் முன் யூ_சேவ்(9, 13), அதாவது முந்தைய வரியும் அடுத்த வரியும், இல்லாவிட்டால் அண்டூ கெடும். மாற்றிய பின் சேஞ்ச்டு_லைன்ஸ்(10, 0, 13, 0). மூன்றாவது எண் கடைசி வரி அல்ல, அதற்கு அடுத்த வரி. அங்கே 12 எழுதினால் 12-ஆம் வரி மட்டும் பழையபடி நிற்கும். தொடரியல் வண்ணம் இருந்தால் சில நேரம் அந்த வரியும் தானாக வரையப்பட்டுத் தப்பு ஒளிந்துகொள்ளும். அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். நான்காவது எண் கூடிய வரிகளின் கணக்கு, நீக்கினால் மைனஸ். கூட்டவும் நீக்கவும் அப்பெண்டட்_லைன்ஸ்_மார்க், டெலீட்டட்_லைன்ஸ்_மார்க் இருக்கும்போது இந்தக் கணக்கை நீங்களே போடுவது வீண்வேலை.

தோற்றம் மட்டும் மாறினால் ரீட்ரா_வின்_லேட்டர் வழியாக அந்த ஜன்னலுக்கு மட்டும் 40 போதும்.

இவை எதுவும் உடனே வரையாது, கொடி மட்டுமே வைக்கும். உங்கள் நிரல் நடுவில் விசைக்குக் காத்திருந்தால் அப்டேட்_ஸ்க்ரீன்(0), செட்கர்சர், அவுட்_ஃப்ளஷ் மூன்றையும் நீங்களே அழைக்க வேண்டும். கொடிகளில் பெரிய எண்ணே வெல்லும். எங்கோ விட்டுவைத்த ஒரு 50 இருந்தால் உங்கள் சோதனை செல்லாது.

எது பிழை என்று பிரிக்க, :செட் லிஸ்ட்! லிஸ்ட்! என்று அடியுங்கள். ஓர் அமைப்பை மாற்றி உடனே பழையபடி வைக்கும் இது, 40 போட்டதற்குச் சமம். சரியானால் கொடி வைக்க மறந்திருக்கிறீர்கள். திரையை அழித்து முழுதும் வரையும் கண்ட்ரோல்-எல் அடித்தால்தான் சரியாகிறது என்றால் டெர்மினல் குப்பை. அதற்கும் அசையாமல், தமிழ் வரிகளில் மட்டும் கர்சர் தள்ளி நின்றால், துணைக்காலை விம் முந்தைய எழுத்தின் கட்டத்திலேயே சேர்க்க, டெர்மினல் தனிக் கட்டம் கொடுத்திருக்கலாம். அதை எந்த ரீட்ராவும் தீர்க்காது. டெர்மினலை மாற்றிப் பாருங்கள்.