தோள் நரம்பு முடங்கியவரை எந்த அளவுகோலால் அளப்பது?

வாய்ப் புற்றுநோய்க்காகக் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது, தோளை உயர்த்தும் தசைக்குச் செல்லும் 11ஆவது கபால நரம்பு வெட்டுப்படலாம். வெட்டாமல் காத்தாலும் இழுபட்டு, மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கலாம். அந்த ட்ரபீசியஸ் தசை தளர்ந்து தோள் சரிகிறது. கை பக்கவாட்டில் உயர மறுக்கிறது. இப்படி வருவோருக்கு இயன்முறைப் பயிற்சி அளிக்கும் நான், முதலில் தோள், கை ஆகியவற்றின் செயல்திறனைக் கேட்கும் டேஷ் வினாப்பட்டியலைப் பயன்படுத்தினேன். பின்னர் கழுத்து அறுவைப் பாதிப்புக் குறியீடான என்டிஐஐக்கு மாறினேன்.

பொதுவான உடல்நல வினாப்பட்டியலான எஸ்எஃப்-36 வாழ்க்கைத் தரத்தை விரிவாகக் கேட்கிறது. ஆனால் கதிர்வீச்சுச் சோர்வும் விழுங்கும் சிரமமும் அதில் கலந்துவிடுவதால் தோளின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. தோளை மதிப்பிடும் கான்ஸ்டன்ட் முறையில் 100 மதிப்பெண்ணில் 65ஐ நாமே அளந்து இடுகிறோம் என்பது பலம்தான். ஆனால் வலிமைக்கான 25ஐப் பெறக் கை 90 பாகை உயர வேண்டும், உயராதவருக்குச் சுழியம்.

டேஷில் 30 கேள்விகள். அவற்றில் 27க்காவது விடை வேண்டும். தலைவழியே அணியும் ஸ்வெட்டர், கோல்ஃப், தாம்பத்தியம் என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்று இடங்களுக்கு மேல் காலியாக விடுவோர் இருக்கத்தான் செய்வார்கள். ஆயினும் நான் மாறியதற்குக் காரணம் அதுவன்று. எந்தக் கையால் செய்தாலும் சரி, வேலை நடக்கிறதா என்றே டேஷ் கேட்கிறது. இடத்தோள் சரிந்த ஒரு பெண், பரணிலிருந்து டப்பாவை எடுப்பதில் சிரமமே இல்லை என்றார். வலக்கையால் எடுக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இடத்தோளில் மாட்டும் பை நழுவுவதையும், பின்னல் போட மகளை அழைப்பதையும் அந்த மதிப்பெண் சொல்லவில்லை. ஆளின் மொத்தச் செயல்திறனை அளப்பதே டேஷின் நோக்கம் என்பதால் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அறிய விரும்பியது அந்தத் தோள் மீள்கிறதா என்பதை. மறுகை பழகிக்கொண்டதாலும் டேஷ் மதிப்பெண் மேம்பட்டுவிடும்.

என்டிஐஐயின் 10 கேள்விகள் கழுத்து, தோள் காரணமாக வந்த தடையையே கேட்கின்றன: தலை வாருவது, கனமான பொருளைத் தூக்குவது, உயரத்தில் எட்டுவது, வேலை, நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்டாலும் சீக்கிரம் முடிந்துவிடும். கழுத்து இறுக்கத்தையும் தோள் பலவீனத்தையும் அது பிரித்துக் காட்டாததால், கை எத்தனை பாகை உயர்கிறது என்பதையும் கூடவே கோணமானியால் அளந்து பதிகிறேன். சிகிச்சையின் விளைவைக் கேட்பதால் அறுவைக்கு முந்தைய நிலையைப் பதிய அது உதவாது. அங்கே டேஷே பொருத்தம். டேஷில் 0 நல்லது, என்டிஐஐயில் 100 நல்லது. ஒருமுறை இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, தேறி வந்தவரைச் சீரழிந்தவராகக் காட்டியிருக்கிறேன்.

கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளின் பின்னல் காயமுற்றவர்களை நான் மிகச் சிலரையே பார்த்திருக்கிறேன். முழங்கையும் விரல்களும் சேர்ந்து பாதிக்கப்படும் அவர்களுக்கு டேஷின் அகலம் தேவைப்படும் என்றே தோன்றுகிறது.