மெம்கேஷ்டு ரிவ்யூ: 114 பைட் டேட்டாவுக்கு 240 பைட் எடம்

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்கறோமுங்க. சனிக்கிழமை சாயந்தரம் வாரச் சம்பளம் போடற நேரத்துல எல்லா கம்பெனிக்காரங்களும் ஒரே சமயத்துல உள்ள வருவாங்க, அப்ப டேட்டாபேஸ் திணறாம பாத்துக்கறது மெம்கேஷ்டுதான், அடிக்கடி கேக்கற டேட்டாவை ராம்லயே வெச்சு (இதுக்குப் பேருதான் கேஷ்) உடனே எடுத்துக் குடுக்கற சாஃப்ட்வேர். பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003ல லைவ்ஜர்னல்ங்கற பிளாக் சைட்டுக்காக எழுதினது, இன்னைக்கும் காசில்லாமத்தான் கெடைக்குது. வேகத்துல ஒரு கொறையும் இல்லைங்க, நான் சொல்ல வர்றது அது எடத்தைக் கணக்குப் போடற விதத்தைப் பத்தி, ஏன்னா எவ்வளவு ராம் வாங்கோணும்ங்கறது அதுலதான் இருக்குது.

இதுல ஒவ்வொரு டேட்டாவுக்கும் ஒரு பேரு (கீ) குடுத்து வெக்கோணும், டேட்டாதான் வேல்யூ, ரெண்டும் சேந்தது ஒரு ஐட்டம். நாம போடற வேல்யூ சைஸ் மட்டும் கணக்கில்லைங்க. 64 பிட் மெஷின்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஹெட்டர் (ஐட்டத்தைப் பத்தின குறிப்பு) 48 பைட், சிஏஎஸ் நம்பருக்கு (நடுவுல வேற யாராச்சும் வேல்யூவை மாத்துனாங்களான்னு பாக்கறதுக்கு) 8, அப்புறம் கீ, அது முடியற எடத்துல 1, வேல்யூ, அதுக்குப் பொறகால 2, கிளையன்ட் ஃப்ளாக் (நம்ம புரோகிராம் போடற அடையாள நம்பர்) வெச்சா இன்னொரு 4. கீ 20 பைட், வேல்யூ 100 பைட், ஃப்ளாக் இல்லைன்னா மொத்தம் 179. இதோட முடிஞ்சுதான்னா இல்ல.

மெம்கேஷ்டு மெமரியை 1 எம்பி பேஜ் பேஜா எடுத்து, ஒவ்வொரு பேஜையும் ஒரே அளவு துண்டா வெட்டி வெச்சுக்குது. பனியன் பேக் பண்ற அட்டைப்பொட்டி மாதிரிதான், சரக்கு எந்தப் பொட்டிக்குள்ள அடங்குதோ அந்தப் பொட்டி பூராவும் அதுக்கே. டீஃபால்ட்ல அந்தத் துண்டுங்க 96, 120, 152, 192, 240னு ஒவ்வொண்ணும் முந்தினதைவிட சுமார் 1.25 மடங்கு போகுது. நம்ம 179 வந்து 192ல உக்காந்துக்கும், 13 பைட்தான் வீண். அதே வேல்யூ 114 ஆயிருச்சுன்னா மொத்தம் 193, ஒரே ஒரு பைட் கூடிப்போச்சுன்னு 240க்குப் போயிரும், 47 பைட் வீண். ஒரு பேஜ்ல 5461 ஐட்டம் புடிச்ச எடத்துல 4369தான் புடிக்கும். இந்த எடத்துல சிஏஎஸ் தேவையில்லைன்னா பெரிய சி ஆப்ஷன் போட்டு ஆஃப் பண்ணிப் பாருங்க, 8 கொறைஞ்சு 185 ஆகி திரும்ப 192க்கே வந்துரும். எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது இதுதானுங்க, ஒளிவு மறைவே இல்ல, பேப்பர்ல கூட்டிப் பாத்தா வர்ற கணக்கு.

தமிழ்ல டேட்டா வெக்கறவங்க ஒண்ணு கவனிக்கோணும். யூடிஎஃப் 8ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குத் துணைக்குறி எல்லாம் தனித்தனியா எண்ணிக்கைல வரும். ஈரோடுன்னா 15 பைட், திருப்பூர்னா 30. தொழிலாளி பேரையெல்லாம் கேஷ்ல வெக்கறப்ப எழுத்தை எண்ணாதீங்க, பைட்டை எண்ணுங்க. கீயோட உச்சவரம்பும் 250 பைட்தான், பேரையே கீயா வெச்சா சீக்கிரம் தீந்துரும், நாங்க டோக்கன் நம்பர்தான் வெக்கறோம்.

கொறைன்னு சொன்னா ஸ்டேட்ஸ்ங்கற கமாண்டுல வர்ற பைட்ஸ்ங்கற நம்பர். அது ஐட்டத்தோட அளவைத்தான் கூட்டுது, துண்டோட முழு அளவை இல்ல, அதனால அந்த நம்பர் நாம குடுத்த மெமரி லிமிட்டைத் தொடறதுக்கு முன்னாடியே பழைய ஐட்டம் வெளிய தள்ளப்படும், புதுசா பாக்கறவங்க மண்டையைப் பிச்சுக்குவாங்க. டாக்குமென்ட்ல இதைக் கொட்டை எழுத்துல போட்டிருக்கலாம். அப்புறம் எம் ஆப்ஷன்ல நீங்க குடுக்கற அளவு, டீஃபால்ட் 64 எம்பி, அது ஐட்டங்களுக்கு மட்டும்தான், ஹாஷ் டேபிளும் (கீயைத் தேடற அட்டவணை) கனெக்சன் பஃபரும் அதுக்கு வெளிய. சின்ன விபிஎஸ்ல (வாடகை சர்வர்ல) ஓட்டறவங்க ராம் பூராவையும் தூக்கிக் குடுத்துறாதீங்க. ஒரு ஐட்டம் டீஃபால்ட்ல 1 எம்பிக்குள்ள இருக்கோணும், ஹெட்டரும் அதுலயே சேர்த்தி, அதனால சரியா 1 எம்பி வேல்யூ போட்டா ஏத்துக்காது.

வீவீங்கற ஆப்ஷன் போட்டு ஸ்டார்ட் பண்ணினா துண்டு அளவெல்லாம் வரிசையா காட்டிரும். 1.6 வெர்ஷன்ல எம்இங்கற கமாண்டுல கீயைக் குடுத்தா அந்த ஐட்டம் எந்த கிளாஸ் (எந்தத் துண்டு அளவு), எத்தனை பைட்னு சொல்லிருது, இதே வேலைக்கு இருக்கற இன்னொரு சாஃப்ட்வேர் ரெடிஸ்ல மெமரி யூசேஜ் கமாண்ட் 4.0லயே இருக்குது, அதுக்கு ஈடா இங்க இதை வெச்சுக்கலாம்.

சின்னச் சின்ன ஐட்டம், ஏறக்கொறைய ஒரே அளவுன்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாமுங்க, 5க்கு 4. லிஸ்ட், ஹாஷ்னு வெச்சுக்கோணும்னா ரெடிஸ் பக்கம் போயிருங்க.