விசென்டரும் பிராக்ஸ்மாக்ஸும்: புதிய வசதிகள் பயனர்களின் சோதனையில்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் உருவான கணினிகளை) ஓட்ட உதவும் மெய்நிகராக்க மேலாண்மை மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போது, அறிவிப்பில் முதலிடம் பெறும் வசதியும், சர்வர் நிர்வாகிகள் முதலில் சோதித்துப் பார்க்கும் வசதியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. 2023 நவம்பரில் விஎம்வேரைக் கையகப்படுத்திய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியபின், அந்நிறுவனத்தின் மேலாண்மை மென்பொருளான விசென்டரையும், அதற்குத் திறந்த மூல மாற்றான பிராக்ஸ்மாக்ஸையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய நிலைக்குப் பலர் வந்துவிட்டார்கள்.

பயனர் குறைகளுக்குச் செவிசாய்த்த வரலாறு விசென்டருக்கு உண்டு. ஃபிளாஷை நம்பியிருந்த அதன் இணைய இடைமுகம் மந்தமானது என்ற குறை ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. 2016-இல் எச்டிஎம்எல்5 இடைமுகத்தைச் சோதனைக்காக முதலில் பயனர்களிடமே கொடுத்து, அவர்கள் சொன்னவற்றைக் கேட்டுத் திருத்தி, 2018-இல் 6.7 அப்டேட் 1-இல் அதை முழுமையாக்கினார்கள். மறுபுறம், 2021-இல் வந்த 7.0 அப்டேட் 3 கோளாறுகள் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. முதல் வெளியீட்டை உடனே நிறுவாமல் காத்திருக்கும் வழக்கம் நிர்வாகிகளிடம் வலுப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிராக்ஸ்மாக்ஸ் தரப்பில் மிகுந்த வரவேற்பைப் பெற்றது, 2024 ஏப்ரலில் 8.2 பதிப்புடன் வந்த இறக்குமதி வசதியே. இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டை (விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் சர்வரை) ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்தால், அதிலுள்ள மெய்நிகர் இயந்திரங்கள் பட்டியலாக வந்து நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்து, டிஸ்க் எங்கே செல்ல வேண்டும், நெட்வொர்க் எதனுடன் இணைய வேண்டும் என்று குறித்தால் போதும். தரவு நகர்ந்துகொண்டிருக்கும்போதே இயந்திரத்தை இயக்கும் தெரிவும் உண்டு, ஆனால் இடையில் இறக்குமதி தடைப்பட்டால் அதுவரை புதிதாக எழுதப்பட்ட தரவு போய்விடும் என்பதால், தரவுத்தள சர்வர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விசென்டர் வழியாக இறக்குவது மிக மெதுவாக இருப்பதால் ஹோஸ்டையே நேரடியாக இணைப்பது நல்லது. ஹோஸ்டுகளின் டிஸ்க்குகளை ஒன்றிணைக்கும் விஎம்வேர் ஸ்டோரேஜான விஎஸ்ஏஎன்-இல் உள்ள டிஸ்க்குகளை இவ்வழியில் எடுக்க இயலாது என்பதையும், விண்டோஸ் இயந்திரங்களில் மெய்நிகர் சாதனங்களுக்கான விர்ட்ஐஓ டிரைவரை நிறுவாமல் டிஸ்க் கன்ட்ரோலரை மாற்றினால் அவை பூட் ஆகாமல் போகும் என்பதையும் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் நகர்ந்து வந்தவர்கள் ஸ்டோரேஜில் இடறினார்கள். பல ஹோஸ்டுகள் பகிர்ந்துகொள்ளும் ஸ்டோரேஜான பழைய சான் கருவியை அப்படியே பயன்படுத்த நினைத்தவர்களுக்கு, விஎம்வேரின் கோப்பு முறையான விஎம்எஃப்எஸ்-இல் இயல்பாகக் கிடைத்த ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்நேர நிலையைச் சேமித்து வைக்கும் வசதி), பிராக்ஸ்மாக்ஸில் அதற்குப் பதிலாகப் பயன்படும் பகிரப்பட்ட எல்விஎம் என்ற லினக்ஸ் டிஸ்க் மேலாண்மை முறையில் கிடைக்கவில்லை. நெடுநாள் கோரிக்கையான இது 2025 ஆகஸ்டில் 9.0 பதிப்பில்தான், அதுவும் முன்னோட்ட நிலையில், நிறைவேறியது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் டிஸ்க்கின் முழு அளவுக்கு இடத்தை ஒதுக்கிக்கொள்வதால், இடம் குறைவான லன்களை (சானில் ஒதுக்கப்பட்ட டிஸ்க் பகுதிகளை) வைத்திருப்பவர்களுக்கு இதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுமைப் பகிர்வில் விசென்டரே முந்துகிறது. விசென்டரை உள்ளடக்கிய விஎம்வேர் தொகுப்பான விஸ்பியரின் 7-ஆம் பதிப்பு முதல், டிஆர்எஸ் என்ற அதன் சுமைப் பகிர்வு வசதி ஒவ்வொரு நிமிடமும் இயந்திரங்களின் நிலையைக் கணித்து, தேவைப்பட்டால் அவற்றை இடம் மாற்றுகிறது. பிராக்ஸ்மாக்ஸின் திட்டமிடல் வசதியோ, 9.0 வரையிலும், இயந்திரம் தொடங்கும்போதும் ஹோஸ்ட் செயலிழந்து மீளும்போதும் பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் சுமையைப் பார்த்து எதையும் நகர்த்தவில்லை. இரு இயந்திரங்களை ஒரே ஹோஸ்டில் சேரவிடாமல் தடுக்கும் விதிகள் அதே 9.0-இல் வந்தது ஓரளவு ஆறுதல்.

ஆகவே சில ஹோஸ்டுகளை மட்டும் வைத்து, சுமையின் போக்கை முன்கூட்டியே அறிந்திருக்கும் குழுவுக்கு, மேலாண்மைக்கென்று தனி சர்வர் கேட்காத பிராக்ஸ்மாக்ஸ் போதுமானது என்பதே என் கணிப்பு. சுமை மணிக்கு மணி மாறும் பெரிய கிளஸ்டர்களை (ஒன்றாக இயங்கும் ஹோஸ்ட் தொகுதிகளை) நடத்துவோர், டிஆர்எஸ் செய்யும் வேலையைத் தங்கள் குழு கையால் செய்ய முடியுமா என்பதைச் சில வாரங்கள் அதை அணைத்து வைத்துச் சோதித்த பிறகே உரிமத்தைக் கைவிட வேண்டும்.