எல்எஸ்டி ரீபில்டுக்கு 2,800 மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டு பிஸ்கட் டின்னை வைத்து மூடிய கதை

பழைய பிஎம்டபிள்யூ இ30 வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று கண் வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. விஷயம் நடுவர் மன்றத்தில் இருக்கிறது.

என் கார் 1989ஆம் வருடத்து 325ஐ. பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் (இன்ஜினின் பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகுதி) காரோடு பிறந்தது இல்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்) முந்தைய உரிமையாளர் எடுத்துப் பொருத்தியது. பின்மூடி போல்ட்டில் தொங்கும் சின்னத் தகட்டில் ‘எஸ் 3.73’ என்று அடித்திருக்கும். அந்த எஸ் இருந்தால் உள்ளே எல்எஸ்டி. (என் மனைவி இந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது முகம் போன போக்கு இருக்கிறதே! போதை மாத்திரை இல்லை, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று விளக்கி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது.)

சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் பிடி இழந்தால் இன்ஜினின் பலமெல்லாம் அந்தச் சக்கரம் வழியாகவே வீணாகிவிடும். இ30-இல் வந்த இசட்எஃப் எல்எஸ்டிக்குள் மோட்டார் சைக்கிள் கிளட்ச் மாதிரி உராய்வுத் தட்டுகள் இருக்கும். குழிந்த ஸ்பிரிங் தட்டு அவற்றை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு சக்கரத்தையும் அது பிணைத்துப் பிடிக்கும் அளவை 25 விழுக்காடு லாக் என்பார்கள். தட்டு தேயத் தேய அந்த அழுத்தம் தளர்ந்து, ஒருநாள் அது சாதா டிஃபரன்ஷியலாகவே ஆகிவிடும். சத்தம் போடாது, எண்ணெய் ஒழுகாது, அதனால் வெளியே தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரு மழை நாளில். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும்போது, கொண்டைத் திருப்பம் ஒன்றில் உள்பக்கச் சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது, கார் நகரவில்லை. வீட்டுக்கு வந்து பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஒன்றைக் கையால் சுற்றினேன். மற்றது எதிர்த்திசையில் சுற்றியது. நல்ல எல்எஸ்டி என்றால் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி கிள்ளான் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். நம்ம ஆள்தான். அழகாகத் தமிழ் பேசினார், தேநீர் வாங்கிக் கொடுத்தார். “காடியை விட்டுட்டுப் போங்கண்ணே, ஜெர்மன் கிட் வரவழைச்சுப் போட்டுடுறேன், பத்து நாள்” என்றார். 2,800 வெள்ளி, பாதி முன்பணம். எட்டாவது நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: மர மேசை மேல் பளபளவென்று புதுத் தட்டுகள், பக்கத்தில் பியரிங், சீல். “கிட் வந்துருச்சுண்ணே.” நானும் கும்பிடு பொம்மை அனுப்பி வைத்தேன்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தது நாலு மாதம் கழித்துத்தான். மேசைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பனி. கிள்ளானில் பனி!

கார் திரும்ப வந்தபோது என் கண் முன்னாலேயே தூக்கிச் சுற்றிக் காட்டினார். இரண்டு சக்கரமும் ஒரே திசையில், கெட்டியாக. அதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. பழைய தட்டுகளைக் கேட்டேன். “தூக்கிப் போட்டாச்சேண்ணே, இரும்புக்காரன் வந்தான்” என்றார். சரி போகட்டும் என்று விட்டேன். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் ‘டிஃப் சர்வீஸ்’ என்று எழுதிக் கொடுத்தார். சாப் (கடை முத்திரை) கூட இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் மூன்று வாரம் குறை ஒன்றும் இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் பின்னால் ஒரு முனகல், அப்புறம் தட்தட்டென்று அதிர்வு. போன் செய்தேன். “புதுத் தட்டு அப்படித்தான், ஓட ஓடப் பழகிடும்.” இதில் விஷமமே, அந்தப் பதில் முழுப் பொய்யும் இல்லை என்பதுதான். புதுத் தட்டுகள் கொஞ்ச நாள் முனகத்தான் செய்யும். உராய்வை மட்டுப்படுத்தும் கலவை சேர்ந்த எல்எஸ்டி எண்ணெய் ஊற்றாவிட்டாலும் முனகும். அதனால் நம்பினேன்.

இரண்டாம் மாதம் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஊளை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் கூடும். மூன்றாம் மாதம் முனகல் நின்றுபோனது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரன். நான்காம் மாதம் கிளட்சை விடும்போதெல்லாம் பின்னால் ‘டக்’ என்று ஒரு இடி.

இந்தத் தடவை ஈப்போவில் ஒரு வயதான ஃபோர்மேனிடம் போனேன். அதிகம் பேசமாட்டார். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் பிரித்தார். பின்மூடியைக் கழற்றியதும் கீழே வடிந்த எண்ணெய் வெள்ளி மையைக் கரைத்த மாதிரி மினுங்கியது. அவர் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் என் விரலிலும் தடவினார். நறநறவென்று இருந்தது.

தட்டுக் கூட்டைத் திறந்தபோது கிட் ஒன்றும் இல்லை. பழைய தட்டுகளேதான், மேற்பரப்பு கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் மெல்லிய தகரத்தில் வெட்டிய ஒரு வளையம் கிழிந்து மடிந்து ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தார். ஒரு பக்கம் பிஸ்கட் டின்னின் உள்பக்கத்தில் இருக்குமே, அந்தத் தங்க நிறப் பூச்சு. மறுபக்கம் எண்ணெயில் வெந்தும் போகாத சிவப்புப் பெயிண்ட், நகத்தளவு. வெளிவட்டம் வட்டமாகக்கூட இல்லை. தகரக் கத்தரி நின்று நின்று வெட்டிய முனைகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. தட்டுக் கூட்டின் மறுபக்கத்தில் வைத்திருந்த இன்னொரு வளையம் முழுசாகக் கிடைக்கவே இல்லை. துண்டு துண்டாகிக் கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் பற்களுக்கு இடையே போயிருந்தது.

தேய்ந்த தட்டுக்குப் பின்னால் கனம் சேர்ப்பது தவறில்லை என்றார் அவர். தொழில் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தட்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, கனம் கூடிய, கடினமாக்கிய தட்டாகப் பார்த்து அடுக்குவார்கள். தகரம் நாலு நாளைக்கு அழுத்தம் தரும், தூக்கிச் சுற்றிக் காட்டும் சோதனையில் தேறிவிடும், அப்புறம் கிழியும். ஊளைக்குக் காரணம் வேறு. இரண்டு பக்க பியரிங் மூடிகளுக்கு அடியில் ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) இருக்கும். கிரவுன் வீல் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தோடு எவ்வளவு இடைவெளியில் கடிக்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. எந்த ஷிம் எந்தப் பக்கம் என்று குறித்துவைக்காமல் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பல்லில் பட்ட தடம் ஒரு ஓரமாகவே இருந்தது. கிரவுன் வீல், பினியன், பியரிங் எல்லாம் போச்சு.

வேறு டிஃபரன்ஷியல் தேடியது தனிக்கதை. ஒரு ஹாஃப்கட் கடையில் எஸ் தகடு தொங்கிய ஒன்றை எடுத்துக் கையால் சுற்றிப் பார்த்தால் எதிர்த்திசையில் ஓடுகிறது. தேய்ந்ததோ, தகட்டை மட்டும் மாற்றி மாட்டியதோ. ஒரு போல்ட்டில் தொங்குவதுதானே. மூன்றாவது கடையில் கிடைத்ததை ஈப்போக்காரர் பிரித்து, அளந்து, புதுத் தட்டு போட்டு, 1.7 லிட்டர் சரியான எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். 3,400 வெள்ளி. பழைய தட்டுகளை நான் கேட்காமலேயே பையில் போட்டுத் தந்தார்.

இந்த வேலைக்குக் கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவதில் மயங்காதீர்கள். மூடியைப் போடும் முன் கூப்பிடச் சொல்லுங்கள், தட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். முடிந்த பிறகு ஒரு சக்கரம் தரையில், ஒன்று மேலே என்று வைத்து, மேலே இருப்பதைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று டார்க் ரென்ச்சில் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் சாயம் வெளுத்துவிடும்.

பணத்துக்காக மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். துண்டுத் தாள் ரசீதைவிட அந்த வாட்ஸ்அப் படம்தான் கைகொடுக்கும் போல. தகரத் துண்டுகளை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

மனு கொடுக்கும் முன் கடைக்காரருக்கு ஒரு போன் செய்தேன், நியாயமாக முடித்துக்கொள்ளலாமே என்று. பிஸ்கட் டின் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: “எங்க கடையில பிஸ்கட் யாரும் சாப்பிடறதில்லையேண்ணே.”