மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? மலையில் வாழ்கிறவர்கள் யோசிக்க வேண்டியது

"இடது பக்கமா திரும்பிப் படுங்கம்மா. மூச்சை வெளிய விட்டுட்டு கொஞ்சம் நிறுத்துங்க."

2014-ல் கோத்தகிரியில் ஒரு டாக்டர் அக்காவிடம் சொன்னது இது. ஸ்டெதஸ்கோப்பின் சின்ன வாயை இடது மார்புக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அரை நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "மர்மர் கேக்குது. எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்.

அதற்கு முன்பே இரண்டு வருஷமாக அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தேயிலைக் கொழுந்து மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு ஏறுவதற்குள் மூன்று தடவை நிற்பாள். குளிர் என்றோம், மேடு என்றோம், ரத்தம் கம்மி என்றோம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் மலையில் மூச்சு வாங்குவதற்கு எப்போதும் ஒரு சாக்கு கைவசம் இருக்கிறது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குப் பழகிய மேட்டில் புதிதாக மூச்சு வாங்கினால், காரணம் மலை இல்லை. இதை நாங்கள் புரிந்துகொள்ள இரண்டு வருஷம் வீணானது.

மூன்று வருஷம் கழித்துப் பெரியப்பா எங்கள் லயன் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) படிக்கட்டில் மயங்கி விழுந்தார். அவருக்கு அப்போது 70 வயது. அக்காவைப் போலவே அவருக்கும் இதய வால்வில்தான் கோளாறு. இன்று எங்கள் ஒரே வீட்டில் அக்காவுக்கு மெட்டல் வால்வு, பெரியப்பாவுக்கு டிஷ்யூ வால்வு. அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் என்னிடம் வந்து, "எது தம்பி நல்லது?" என்று கேட்கிறார்கள். அதற்கு நான் சொல்வதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் மர்மர் பற்றிக் கொஞ்சம். மர்மர் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். ரத்தம் சுழித்து ஓடும்போது கேட்கும் இரைச்சல். வளர்கிற குழந்தைகள் பலருக்கு எந்தக் கோளாறும் இல்லாமலே கேட்கும். காய்ச்சல், ரத்தசோகை, கர்ப்பம் என்று ரத்தம் வேகமாக ஓடும் நேரத்திலும் கேட்கும். காரணம் போனால் சத்தமும் போய்விடும். ஸ்கூல் கேம்ப்பில் "மர்மர்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததும், "பிள்ளை ஹார்ட்ல ஓட்டையாம்" என்று அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டை வேறு, வால்வு வேறு, வெறும் சத்தம் வேறு. எது என்று எக்கோ, அதாவது இதயத்தை எடுக்கும் ஸ்கேன், சொல்லிவிடும். வலியில்லாத பரிசோதனைதான், ஊசிகூடக் கிடையாது.

வால்வு என்பது ரத்தத்தை ஒரே திசையில் விடும் கதவு. அதில் கோளாறு என்றால் இரண்டே வகை: சரியாகத் திறக்காமல் சுருங்கிப்போவது, அல்லது சரியாக மூடாமல் லீக் ஆவது. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். அக்காவுக்கு அப்படித்தான். சின்ன வயதில் தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டி மாறி மாறி வீங்கியது. அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, தன் இதய வால்வையே தாக்கிவிடும். பல வருஷம் கழித்து, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கும். பெரியப்பாவுக்குக் காரணம் வயது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் மகாதமனி வால்வில் சுண்ணாம்புபோல் கால்சியம் படிந்து, இதழ்கள் அசையாமல் போய்விட்டன. மேடு ஏறும்போது மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த வால்வுக்கான சிகிச்சையை இனி தள்ளிப்போடக் கூடாது என்று அர்த்தம்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதை வைப்பது?

மெட்டல் வால்வு என்று ஊரில் சொன்னாலும், இப்போது அதிகம் வைக்கிற இரட்டை இதழ் வால்வில் இதழ்கள் பைரோலிடிக் கார்பன் என்ற கடினமான கரியால் ஆனவை. 1960-ல் வந்த முதல் தலைமுறையில் கூண்டுக்குள் ஒரு பந்து இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தில் உருவான சித்ரா வால்வு ஒற்றைத் தட்டு வகை: கோபால்ட் கலவை வளையத்துக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் தட்டு. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். நம் பக்கத்திலேயே பிறந்த வால்வு என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. எந்த வகையானாலும் மெட்டல் வால்வு தேய்வது மிக அபூர்வம். வாழ்நாள் முழுக்க ஓடும் என்று எதிர்பார்த்தே வைக்கிறார்கள்.

டிஷ்யூ வால்வு என்பது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையைத் தைத்துச் செய்தது, அல்லது பன்றியின் வால்வையே பதப்படுத்தியது. வீட்டில் மத நம்பிக்கை சார்ந்த தயக்கம் இருந்தால் எந்த மிருகத்துடையது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டாக்டர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். இது 10 முதல் 15 வருஷம் வரை நன்றாக ஓடும், அப்புறம் தேயும். வயதானவர் உடம்பில் மெதுவாகவும் இளம் வயதில் சீக்கிரமாகவும் தேயும். மகாதமனி இடத்தைவிட மைட்ரல் இடத்தில் இன்னும் சீக்கிரம்.

இந்த அளவில் பார்த்தால் மெட்டல்தான் உசத்தி என்று தோன்றும். ஆனால் மெட்டலுக்கு ஒரு கூலி உண்டு, அதைத் தினமும் கொடுக்க வேண்டும். வெளிப்பொருளின்மேல் ரத்தம் உறையும். உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். அதனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை. சாதாரண ஆளுக்கு அது 1. மைட்ரலில் மெட்டல் வைத்தவருக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தம் கசியும். புதுசாக வந்திருக்கும், பரிசோதனை தேவையில்லாத ரத்தம் உறையாமை மாத்திரைகள் மெட்டல் வால்வுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வில் உறைதலும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடி, பாதியில் நிறுத்தினார்கள். 2013-ல் அது வெளியானது. "புது மாத்திரைக்கு மாத்திக்கலாமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மலையில் இந்தக் கூலி இன்னும் கொஞ்சம் கூடுதல். அக்காவின் ஐஎன்ஆர் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தேதி, அளவு, மாத்திரை எத்தனை மில்லிகிராம், அந்த வாரம் சாப்பாட்டில் என்ன மாறியது, எல்லாம் எழுதுவேன். நிலையாக இருக்கும்போது மாதம் ஒரு தடவை பரிசோதனை. முதல் வருஷம் வாரா வாரம் ஓடினோம். ஒரு தடவை லேபில் கொடுத்த ரத்தம் தாமதமாகக் கீழே அனுப்பப்பட்டு ரிப்போர்ட் தப்பாக வந்தது. மறுபடி எடுத்தபோதுதான் தெரிந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வீட்டிலேயே பார்க்கும் சின்ன மெஷின் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாங்க வேண்டிய ஸ்ட்ரிப் விலை லயன் வீட்டுச் சம்பளத்துக்குக் கட்டவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லோரும் பயமுறுத்துவார்கள். "முட்டைக்கோஸ் தொடாதே, கீரை தொடாதே." ஊட்டிக் காய் விளைகிற இடத்தில் இருந்துகொண்டு எப்படித் தொடாமல் இருப்பது? கீரையிலும் கோஸிலும் வைட்டமின் கே இருக்கிறது, அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் தேவை அளவில் ஒரு சீர். வாரத்தில் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். அதற்கேற்ப டாக்டர் மாத்திரை அளவை வைத்துவிடுவார். ஒரு மாதம் விரதமிருந்துவிட்டு அடுத்த மாதம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டால்தான் ஆபத்து. கேரட்டுக்கும் நாம் குடிக்கும் டீக்கும் பயமே வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்றை அனுபவத்தில் கற்றோம். 2019 மழைக்காலத்தில் அக்காவுக்குப் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. ஐஎன்ஆர் 5.8. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: வலி மாத்திரை? இல்லை. ஆன்டிபயாடிக்? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. கடைசியில் அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே, "தைலம் மட்டும் தேய்ப்பேன் சார்" என்றாள். எது என்று கேட்டதற்குப் பையிலிருந்து பச்சை மூடி பாட்டிலை எடுத்தாள். விண்டர்கிரீன் தைலம். ஊட்டியில் கடைக்குக் கடை விற்கிற அதே தைலம். மூன்று வாரமாகத் தினமும் ராத்திரி இரண்டு முட்டிக்கும் சூடு பறக்கத் தேய்த்திருக்கிறாள். அதில் இருப்பது மீத்தைல் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். தோல் வழியாக உள்ளே போய் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிவிடும். பாட்டிலை அன்றே தூக்கிப் போட்டோம். இரண்டு வாரத்தில் அளவு இறங்கியது. மெட்டல் வால்வு இருக்கிற வீட்டில் வலித் தைலம் வாங்கும்போது என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

வேலையையும் யோசிக்க வேண்டும். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மழையில் அட்டை, சறுக்கும் வழி, எதிரே வரும் காட்டெருமை. அட்டை கடித்த இடம் சாதாரண ஆளுக்கே நெடுநேரம் கசியும். அக்கா கவ்வாத்துப் பக்கம் போவதில்லை, கொழுந்து மட்டும் எடுக்கிறாள். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இன்னொன்று, மண்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரிச் சாலைகள் எப்படித் துண்டிக்கப்பட்டன என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐப்பசி பிறந்தால் 20 நாள் மாத்திரை கையிருப்பு வைத்துவிடுவேன். அசிட்ரோமின் வீரியம் வார்ஃபரினைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் இரண்டு நாள் விட்டுப்போனாலே வம்பு.

பெரியப்பா பக்கம் இந்தப் பாடு எதுவும் இல்லை. முதல் மூன்று மாதம் ரத்தம் உறையாமை மாத்திரை, அப்புறம் தினம் ஒரு ஆஸ்பிரின். வருஷத்துக்கு ஒரு தடவை கோயமுத்தூர் போய் எக்கோ. கீரை, தைலம் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும், ஆனால் அது செயற்கை வால்வு வைத்த இருவருக்கும் பொது. ஒருவேளை தேய்ந்தாலும், நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வை வைக்கும் டாவி முறை இருக்கிறது. 2002-ல் பிரான்சில் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்தது. செலவு பல லட்சம் என்பதுதான் இப்போதைக்கு முட்டுக்கட்டை.

"அப்ப அக்காவுக்கும் டிஷ்யூவே வெச்சிருக்கலாமே?" இதைத்தான் அதிகம் பேர் கேட்பார்கள். அக்காவுக்கு அப்போது 39 வயது. டிஷ்யூ வைத்திருந்தால் ஐம்பதை ஒட்டி மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும், எழுபதுக்குள் மூன்றாவது தடவையும் வந்திருக்கலாம். அதைவிட முக்கியம், அவளுக்கு இதயத்துடிப்பே தாறுமாறு. ருமாட்டிக் மைட்ரல் நோயில் மேலறை விரிந்துபோய், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இந்தத் தாறுமாறான துடிப்பு வருவது சகஜம். அது இருந்தால் மேலறையில் ரத்தம் உறையக்கூடும், அதனால் டிஷ்யூ வைத்தாலும் மாத்திரையும் ஐஎன்ஆரும் தொடரும். மாத்திரையிலிருந்து விடுதலை கிடைக்காத இடத்தில் தேயும் வால்வை வைப்பதில் லாபம் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வால்வு மாற்றச் சொன்னால், முதல் கேள்வியாக "ஈசிஜி-யில் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

அமெரிக்க இதய மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் மகாதமனி வால்வுக்கு 50 வயதுக்குக் கீழே மெட்டல், 65-க்கு மேல் டிஷ்யூ என்று போகிறது. நடுவில் இருப்பவர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. மைட்ரலில் 65 வரை மெட்டல் பக்கம் சாய்கிறது. அந்த நடு வயதில் இருப்பவர், ஐஎன்ஆர் பார்க்கிற லேப் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இல்லை, மாத்திரையைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை என்றால், நான் டிஷ்யூவையே சொல்வேன். ஆபரேஷன் செலவைப் பார்த்து முடிவை மாற்ற வேண்டாம். அக்காவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் நடந்தது.

அக்காவின் வால்வு சத்தம் போடும். பகலில் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பனி இறங்கி லயன் அடங்கியதும், பக்கத்துக் கட்டிலில் கடிகாரம்போல் கேட்கும். முதல் மாதம் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது அவள் பையன் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறான். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ மூச்சுத் திணறினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று அவனுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன மாதம் மேல் லயனிலிருந்து 24 வயதுப் பெண் ஒருத்தி ரிப்போர்ட்டோடு வந்தாள். மைட்ரல் சுருக்கம், கல்யாணம் பேசியிருக்கிறார்கள். "எது அண்ணா வைக்கிறது?" என்றாள். அவளுக்கு இரண்டுமே கஷ்டம். மெட்டல் என்றால் வார்ஃபரின், அது கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை கருவைக் கெடுக்கக்கூடியது. டிஷ்யூ என்றால் அந்த வயதில் சீக்கிரம் தேயும். ஆனால் எக்கோ ரிப்போர்ட்டில் வால்வு இன்னும் வளைந்துகொடுக்கிறது, லீக் இல்லை, ரத்தக்கட்டி இல்லை என்று இருந்தது. அப்படிப்பட்ட வால்வுக்கு ஜப்பானிய டாக்டர் கன்ஜி இனூவே 1982-ல் கொண்டுவந்த பலூன் சிகிச்சை இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியே பலூனைக் கொண்டுபோய், ஒட்டிய இதழ்களை விரித்துவிடுவார்கள். சொந்த வால்வு பல வருஷம் ஓடும், பிள்ளை பெறலாம். அக்காவுக்கு லீக்கும் கால்சியமும் இருந்ததால் அந்த வழி அடைபட்டிருந்தது. இரண்டு வருஷம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

அந்தப் பெண்ணைக் கோயமுத்தூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். பலூனுக்கு ஏற்ற வால்வுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். 21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி ஆரம்பித்தாயிற்று; மறுபடி ருமாட்டிக் காய்ச்சல் வராமல் இருக்க அதை வருஷக்கணக்கில் போட வேண்டும். பலூனுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் விஷயம் தெரிந்தே சரி என்றிருக்கிறார்கள்.