ஐந்து வருட ப்ளூஸ் கிட்டார்: இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைக் கிட்டாரில் கற்கத் தொடங்கி இந்த மாதத்தோடு ஐந்து வருடம் ஆகிறது. மேடையில் வாசிப்பவன் இல்லை. வேலை முடிந்து வந்தபின் இரவில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்பதால், எனக்கு எது கைகொடுத்தது, எது நேரத்தைத் தின்றது என்று எழுதி வைக்கிறேன்.

முதல் வருடம் முழுக்க பென்டடானிக் ஸ்கேல் என்ற ஐந்து சுர வரிசையிலேயே போனது. ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கட்டு) தொடங்கும் ஏ மைனர் பென்டடானிக்: ஏ, சி, டி, ஈ, ஜி. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்கள்தான். கை சீக்கிரமே பழகியது, வேகமும் வந்தது. ஆனால் எதை வாசித்தாலும் பாடம் ஒப்பிப்பது போலவே கேட்டது.

பிறகுதான் ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்கை மெதுவாக, ஒவ்வொரு சுரமாக நிறுத்திக் கேட்க ஆரம்பித்தேன். அடியில் ஏ7 கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) ஒலிக்கிறது; அதற்குள் சி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம், இருக்கிறது. மேலே நாம் வாசிப்பதோ சி, அதாவது சாதாரண காந்தாரம். ப்ளூஸ்காரர்கள் அந்த சி-யை அப்படியே விடுவதில்லை. கம்பியைக் கால் சுரம் அளவுக்குத் தள்ளி, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரலால் கீழ்நோக்கி ஒரு சின்ன இழுப்பு. அது சரியாக விழுந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் காட்டுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கம்பியைத் தள்ளி ஒரு முழு சுரம் ஏற்றும் 'பெண்ட்' கைவர எட்டு மாதம் பிடித்தது. எனக்கு உதவிய ஒரே வழி இது: மூன்றாவது கம்பியில் ஒன்பதாவது ஃப்ரெட்டை வாசித்து, அந்த ஈ-யை வாயால் பாடுங்கள். அப்புறம் ஏழாவது ஃப்ரெட்டுக்கு வந்து, பாடிய சுரம் கேட்கும்வரை கம்பியைத் தள்ளுங்கள். மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரல்களும் துணை நிற்க வேண்டும். பலம் விரலிலிருந்து வரக் கூடாது, மணிக்கட்டு திரும்ப வேண்டும்.

இந்த எட்டு மாதத்தில் பாதி கம்பியால் வீணானது. முதலில் வாங்கியது அக்கூஸ்டிக் கிட்டார். தடித்த 12 எண் கம்பி, கிட்டார் கழுத்திலிருந்து நல்ல உயரத்தில் நின்றது. விரல் கீறி வலித்தபோது, கடைக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான் என்றார், நானும் நம்பினேன். அதில் பெண்ட் வரவே வராது. பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி மெல்லிய 09 எண் கம்பி போட்ட அன்றே கை பேசத் தொடங்கிவிட்டது. தொடங்குபவர்கள் முதலில் கம்பியைப் பாருங்கள், மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

தாளத்தில் எனக்குச் சிரமம் குறைவு. ஷஃபிள் என்ற ப்ளூஸ் தாள நடை நம் திஸ்ர நடைதான். தகிட என்று சொல்லி, நடுவில் உள்ள 'கி'யை ஒலிக்காமல் விட்டால் போதும். ப்ளூஸ் பாட்டின் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கார்ட் வரிசையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகும்: ஏ7 நான்கு, டி7 இரண்டு, ஏ7 இரண்டு, பிறகு ஈ7, டி7, ஏ7, ஈ7 ஒவ்வொன்று.

கடினமானது, வாசிக்காமல் இருப்பது. பி.பி. கிங் பாடும்போது கிட்டாரைத் தொட்டதில்லை. வரி முடிந்ததும் கிட்டார் பதில் சொல்லும். ப்ளூஸ் பாட்டின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது: ஒரு வரி, அதே வரி மறுபடி, அதற்கு ஒரு பதில் வரி. மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் குரலிலிருந்து வந்த இசை இது. 1941-ல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அங்குள்ள ஸ்டோவால் பண்ணைக்குப் போய், ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைப் பதிவு செய்தார். அதைக் கேட்டால் கிட்டார் எப்படிக் குரலின் பின்னாலேயே போகிறது என்று தெரியும். இப்போது நானும் இரண்டு பார் பாடிவிட்டு, இரண்டு பார் மட்டும் பதில் வாசிக்கிறேன். குரல் நன்றாக இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். நான்காவது வருடம்வரை பாடாமல் இருந்ததுதான் என் பெரிய இழப்பு.

இந்த வருடம் ஸ்லைடு தொடங்கியிருக்கிறேன். கம்பிகளை டி-ஜி-டி-ஜி-பி-டி என்று சுருதி சேர்த்து, சுண்டு விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டி வாசிப்பது. இதற்குக் கம்பி தடிமனாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் ஃப்ரெட்டில் இடிக்கும். உறையில் கிடந்த முதல் கிட்டாரை எடுத்துத் துடைத்துப் புதுக் கம்பி போட்டேன். உயரத்தைத் தொடவில்லை. அப்படியே சரியாக இருக்கிறது.